கண்டுபிடிப்பு என்கிற சொல்: ஒரு மாத்திரையை வாசித்தல்

1

வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் திருத்தணியில் பாடுகிற திருப்புகழ் ஒன்று உண்டு. அருணகிரிநாதர் இவ்வூர் முருகன் முன் ஒரு நோய்ப்பட்டியலையே வைக்கிறார். இருமல், வாதம், நீரிழிவு, சோகை, பெருவயிறு என்று போகிறது அது. எல்லாமே அனுபவிக்கிறவருக்குத் தெரிகிற நோய்கள். நோய்க்குப் பெயர் சொல்லும் அதிகாரம் நோயாளியின் நாக்கில் இருந்த காலத்துப் பிரதி என்று இதை வாசிக்கலாம்.

2008இல் என் அத்தை சொன்னாள்: "படி ஏற முடியலடா, வயித்துல கல்லு கட்டுன மாதிரி இருக்கு." மலையடிவாரத்தில் பூக்கட்டி விற்பவள். சோகை இருந்தது, மண்ணீரல் வீங்கி வயிறும் பெருத்திருந்தது. ஆனால் சென்னையில் அவளுக்குக் கிடைத்த பெயர் வேறு: நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். அதற்குச் சாட்சி அவள் சொல் அல்ல, ஒரு குரோமோசோம். மருத்துவப் பார்வை உடலின் மேற்பரப்பைத் துளைத்து உள்ளே இறங்கியதை ஃபூக்கோ 1963இல் எழுதினார். அவர் எழுதியது சவத்தை அறுத்துத் திசுவைப் பார்த்த காலத்தைப் பற்றி. இப்போது பார்வை உயிருள்ள செல்லுக்குள் போய்விட்டது.

2

1960இல் ஃபிலடெல்ஃபியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் இந்நோயாளிகளின் செல்களில் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். 1973இல் ஜேனட் ரௌலி காரணம் சொன்னார்: 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் உருவாகும் புதிய மரபணுவின் புரதம், ஓய்வில்லாமல் "பெருகு, பெருகு" என்று செல்லை ஏவுகிறது.

அதே 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போனது. உவமை தானாக வந்து கையில் விழுகிறது. ஆனால் நோயை உருவகமாக்குவது நோயாளியைத்தான் தண்டிக்கிறது என்று சூசன் சொண்டாக் 1978இலேயே வாதிட்டிருக்கிறார். எல்லைப் போராட்டம் நடந்த ஊர்க்காரனான நானும் உவமையைக் கீழே வைத்துவிடுகிறேன். எல்லை போடுகிற நிஜமான வேலை சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நடந்தது.

3

டிஸ்கவரி, இன்வென்ஷன் இரண்டுக்கும் பேச்சில் நாம் வைத்திருப்பது ஒரே சொல்: கண்டுபிடிப்பு. இருந்ததைப் பார்ப்பதும் இல்லாததைச் செய்வதும் இந்தச் சொல்லில் ஒன்றாகிவிடுகின்றன. குட்டைக் குரோமோசோமை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அந்தப் புரதம் ஆற்றல் பெறும் பொந்தில் போய் அடைத்துக்கொண்டு அதை முடக்குகிற இமாட்டினிப் என்ற மூலக்கூறைச் சொந்தம் கொண்டாடலாம். 1993இல் அதற்கு வெளிநாட்டில் காப்புரிமை கோரப்பட்டபோது இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. 1998இல் நோவார்ட்டிஸ் சென்னையில் விண்ணப்பித்தது அந்த மூலக்கூறுக்கு அல்ல. அதன் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு.

2005இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 3(ஈ) பிரிவு எல்லை போட்டது: அறியப்பட்ட பொருளின் புதுவடிவம், திறனில் மேம்பாடு காட்டாவிட்டால் இன்வென்ஷன் ஆகாது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு விரோதம் என்ற வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1இல் உச்சநீதிமன்றம் முடித்துவைத்தது. உடலில் முப்பது சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். திறன் என்றால் நோய் தீர்க்கும் திறன், உடலில் கூடச் சேர்வது மட்டும் அதற்கு நிரூபணமாகாது என்றது நீதிமன்றம். 'திறன்' என்ற ஒரு சொல்லின் அர்த்தத்தில்தான் மாதம் 1,20,000 ரூபாய்க்கும் 8,000 ரூபாய்க்கும் இடையேயான தூரம் இருந்தது.

பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறோமே என்றும் நிறுவனம் சொன்னது. கொடுத்ததும் உண்மை. கோயிலூர்க்காரர்களுக்கு அன்னதானம் தெரியும். வரிசையில் நின்றால் சோறு கிடைக்கும். நாளைக்கு இல்லை என்றால் ஏன் என்று கேட்க முடியாது. தானத்துக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

4

என் சண்டை நம்மோடுதான். செல்லளவுச் சிகிச்சைகளை நம் அறிவியல் கட்டுரைகள் அதிசயமாக எழுதின. சிறுபத்திரிகைக்காரர்களான நாமோ, ஃபூக்கோவைப் படித்த வேகத்தில், நவீன மருத்துவமே உடல் மீதான அதிகாரம் என்று மைக்ராஸ்கோப்பைச் சந்தேகித்தோம். காப்புரிமை விண்ணப்பத்தை ஒரு பிரதியாக எத்தனை பேர் வாசித்தோம்? அந்தப் பார்வை இல்லாமல் போயிருந்தால் அத்தை இன்று இல்லை. அதிகாரம் செல்லைப் பார்ப்பதில் இருந்ததைவிட, பார்த்ததை வேலிகட்டிக்கொள்வதில்தான் கூடுதலாக இருந்தது.

வழக்கு ஜெயித்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 8,000 ரூபாயும் பூக்காரிக்குச் சின்னத் தொகை அல்ல. மருந்து கேட்கிறதா என்று பார்க்கும் மரபணுச் சோதனைக்கு மின்சார ரயிலேறிச் சென்னைக்குத்தான் வரவேண்டும். அன்றைய வியாபாரம் போச்சு. முற்றிலும் புதிய மூலக்கூறுக்கு 3(ஈ) தடையும் அல்ல. 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19, மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. நோயாளியின் சொந்த டி செல்லை எடுத்து, மாற்றியமைத்து, அவருக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். வெளிநாட்டு விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனாலும் பல பத்து லட்சம். நம் செல்லே மருந்தாகும்போது அதில் கண்டுபிடிப்பு எது, நம்முடையது எது? இதையும் வழக்கறிஞர்களிடம் விட்டுவிட்டு உட்காரப் போகிறோமா?

மலைக்கு வருடத்தின் நாள் கணக்கில் 365 படிகள். "நாளைக்கு ஒரு படி, நாளைக்கு ஒரு மாத்திரை" என்று அத்தை சிரிப்பாள். பதினைந்து வருஷத்துக்கு மேலாக விழுங்கிக்கொண்டிருக்கிறாள். 3(ஈ) என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம்.