ஆறுதலுக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம்

செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். அதையொட்டி நம் நகரங்களில் நடைப்பயணம், கருத்தரங்கு, பராமரிப்பாளர்களுக்குப் பொன்னாடை எல்லாம் நடக்கின்றன. சில ஆண்டுகளாக மறதிநோய்க்கு நட்பான நகரம், நட்பான தெரு, நட்பான குடியிருப்பு என்ற பேச்சும் சேர்ந்திருக்கிறது. பேச வருகிறவர்கள் ஜப்பானைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. அங்கே ஒன்றரை மணி நேர வகுப்பில் உட்கார்ந்தவருக்கு ஆரஞ்சு நிறக் கைவளையம் தந்துவந்தார்கள். 2005 முதல் இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல். நாமும் செய்வோம் என்கிறார்கள். செய்வோம். ஆனால் சமூக ஆதரவு என்ற பெயரில் நம்மிடையே நடப்பவற்றில் பெரும்பகுதி, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கையிலிருந்து ஒரு மணி நேர வேலையைக்கூட வாங்கிக்கொள்வதில்லை. இது என் நெடுநாள் குறை. இந்தப் பேச்சு பரவப் பரவ என் குறையும் கூடுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதிநோய் இருக்கும் என்கிறது 2023-இல் வெளியான லாசி-டாட் என்ற முதியோர் ஆய்வின் மதிப்பீடு. இவர்களில் பலருடைய வீட்டில் "வயசாச்சுன்னா அப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ, சென்னையின் ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள் உழைக்காவிட்டால் இது ஒரு நோய் என்ற எண்ணமே பலருக்கு வந்திருக்காது. விழிப்புணர்வின் பயனைத் தெருவிலேயே பார்க்கலாம். நோயுற்ற மாமியார் வாசலில் நின்றுகொண்டு, "காலையிலேர்ந்து மருமக ஒரு வாய் சோறு போடலம்மா" என்று பக்கத்து வீட்டாரிடம் அழுவார். அவர் சாப்பிட்ட தட்டு அப்போதுதான் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். நோயை அறியாத தெரு அந்த மருமகளைக் கொடுமைக்காரி என்று முடிவுகட்டும். அறிந்த தெரு, "வாங்க பாட்டி, உட்காருங்க" என்று கையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கிற பயன் இது.

ஆதரவுக் குழுக்களுக்குச் சான்றும் உண்டு. கோவாவில் 81 குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. ஓரளவு பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஆறு மாதம் வீடுதேடிப் போனார்கள், நோயை விளக்கினார்கள், நடத்தைத் தொல்லைகளைச் சமாளிக்க வழி சொன்னார்கள். பராமரிப்பவர்களின் மனநலம் மேம்பட்டது, மனவேதனை தணிந்தது. குறைந்த செலவில் இவ்வளவு பலனா என்று அன்று முதல் இதை எடுத்துக்காட்டாதவர்கள் இல்லை. எடுத்துக்காட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆலோசகர்கள் படியேறி வீட்டுக்குள் போனார்கள். நம் குழுக்களோ குடும்பத்தைத் தம்மிடம் வரச் சொல்கின்றன. இரண்டாவது, மனவேதனை தணிந்த அதே ஆய்வில் பராமரிப்புச் சுமையை அளந்த மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவில் இறங்கவில்லை. நோயாளியின் நடத்தைத் தொல்லைகளும் அப்படித்தான். சுமப்பவளுக்கு மனம் தேறியது. சுமை அவள் தலையிலேயே இருந்தது.

என் விமரிசனம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. குழுவின் கூட்டம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, மருத்துவமனை மாடியில் நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். யார் வருவார்கள்? வீட்டில் வேறொருவரை விட்டுவிட்டு வரக்கூடியவர்தான் வருவார். பெரும்பாலும் மகன் வருவார், அல்லது வெளியூரிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கியிருக்கும் மகள் வருவார். பொழுது சாயும் நேரம்தான் பல நோயாளிகளுக்கு நிலைகொள்ளாமல் போகும் நேரம். "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்பி நிற்பார்கள். அந்த நேரத்தில் அவரை விட்டு நகர முடியாதவள் கூட்டத்துக்கு வர வழியே இல்லை. ஆள்பலம் இருக்கும் வீட்டுக்கு ஆதரவும் கிடைக்கிறது. ஆளே இல்லாத வீட்டுக்கு அதுவும் கிடைப்பதில்லை.

அவளுடைய ஒரு நாளைப் பாருங்கள். விடிவதற்குள் நனைந்த விரிப்பை உருவி அலச வேண்டும். ஒவ்வொரு முறை சமைத்து முடித்ததும் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி வைக்க வேண்டும். வாசல் கேட்டின் சாவி எப்போதும் அவள் சேலைப் பின்னில் தொங்கும். குளியலறையின் உள்தாழ்ப்பாளை என்றைக்கோ கழற்றிவிட்டார்கள். அவள் கழிவறைக்குப் போனாலும் உள்ளிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் மாமனார் தேடத் தொடங்கிவிடுவார். இரவு இரண்டு மணிக்கு அவர் சட்டை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்புவார். ஆண்டுக்கணக்காக இதுதான் நாள்.

இவளுக்கு நம் ஆதரவு என்ன தருகிறது? எதிர்த்துப் பேசாதீர்கள், பழைய பாட்டுப் போடுங்கள், பழைய புகைப்படங்களைக் காட்டுங்கள், தினமும் கொஞ்ச தூரம் நடக்க வையுங்கள் என்று சொல்லித் தருகிறது. எல்லாம் சரியான அறிவுரைதான். ஒவ்வொன்றும் அவள் தலையில் ஏறும் இன்னொரு வேலை. கடைசியில், "உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள்" என்ற வரி வரும். எந்த நேரத்தில் கவனித்துக்கொள்வது? சனிக்கிழமை தோறும் மூன்று மணி நேரம் நாங்கள் வந்து உட்காருகிறோம், நீங்கள் போய்த் தூங்குங்கள் என்று சொல்லும் குழுவை நம் ஊரில் அரிதாகவே காண முடிகிறது. நேரத்தைக் கொடுக்காமல் தன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது, அவள் தளர்ந்து போனால் அந்தப் பழியையும் அவள்மேலேயே போடுவதாகும். பொன்னாடையும் அதே காரியத்தைச் செய்கிறது. ஒருத்தியின் தியாகத்தை மேடையேற்றிப் போற்றிவிட்டால், அந்தத் தியாகம் ஏன் தேவைப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

ஜப்பானுக்கு வருவோம். கைவளையம் வந்தது 2005-இல். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2000-இல், அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்துவிட்டது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். தேவை வரும்போது வீட்டுக்கு ஆள் வருவார். பகல்நேர மையத்தின் வண்டி வாசலுக்கே வந்து முதியவரை ஏற்றிச் செல்லும். குடும்பம் மூச்சுவிட அவர் சில நாள் வெளியே தங்கும் ஏற்பாடும் உண்டு. பெரும்பாலோர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கொடுக்கிறார்கள். இதற்காகப் போராடியவர்களில் முக்கியமானவர் ஹிகுச்சி கெய்கோ. 1983-இல் அவர் பெண்களைத் திரட்டித் தொடங்கிய அமைப்பு, குடும்பத்துக்குப் பணமாகக் கொடுத்துக் கைகழுவும் யோசனையை எதிர்த்தது. பணம் கொடுத்தால் மருமகள் இன்னும் இறுக்கமாக வீட்டோடு கட்டிப்போடப்படுவாள், சேவையாகவே கொடுங்கள் என்றது. நம் வீட்டு மருமகளின் நிலை அங்கே அரசியல் கோரிக்கையாக எழுந்து சட்டமாக முடிந்தது. நம் மேடைகளில் யாரும் இந்தக் கதையைச் சொல்வதில்லை. அடித்தளத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கைவளையத்தை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவருகிறோம்.

அத்தனை ஏற்பாடு இருந்தும் அங்கே எல்லாம் தீர்ந்துவிடவில்லை. உறவினரைப் பார்த்துக்கொள்வதற்காக ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் இன்றும் வேலையை விடுகிறார்கள். 2007 டிசம்பரில் ஓபு நகரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 91 வயது முதியவர் பகல்நேர மையத்திலிருந்து திரும்பியிருந்தார். 85 வயது மனைவி சற்றே கண்ணயர்ந்த நேரத்தில் வெளியே நடந்து போய் ரயிலில் அடிபட்டு இறந்தார். ரயில்கள் தாமதமானதற்காக ரயில் நிறுவனம் குடும்பத்திடம் சுமார் 72 லட்சம் யென் இழப்பீடு கேட்டது. 2013-இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் மனைவியும் மூத்த மகனும் முழுத் தொகையையும் கட்ட வேண்டும் என்றது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் மனைவி பாதி கட்டினால் போதும் என்றது. 2016 மார்ச் 1 அன்றுதான் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்குப் பொறுப்பில்லை என்று விடுவித்தது. அதற்குள் எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. பல லட்சம் கைவளையங்கள் புழங்கிய நாட்டில், ஒரு கிழவி கண்ணயர்ந்ததற்கான விலையை அவளிடமே கேட்டார்கள். பரிவு எவ்வளவு பரவினாலும், பொறுப்பு எங்கே போய் விழும் என்பதைச் சட்டமும் பணமும்தான் தீர்மானிக்கின்றன. கோபே நகரம் இதைப் புரிந்துகொண்டது. 2019 முதல் அங்கே குடியிருப்பு வரி கட்டும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 400 யென் கூடுதலாகச் செலுத்துகிறார்கள். நோயைக் கண்டறியும் செலவும், நோயாளியால் விபத்து நேர்ந்தால் தரவேண்டிய ஈட்டுத்தொகையும் அந்தப் பணத்திலிருந்து போகின்றன. ஊரே ஒரு குடும்பத்தின் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: நம் பலமே குடும்பம்தான், நமக்கு அந்த ஏற்பாடுகள் ஒத்துவராது, குடும்பத்துக்குக் கொஞ்சம் கைகொடுத்தால் போதும். இந்த வாதத்தை நான் முற்றாக மறுக்கிறேன். குடும்பம் என்று சொல்லும்போது எத்தனை பேரைச் சொல்கிறோம்? ஐந்து பிள்ளைகள் பெற்ற வீட்டிலும் கடைசியில் பார்த்துக்கொள்வது ஒருத்திதான். மற்ற நால்வரும் தொலைபேசியில் யோசனை சொல்வார்கள். செலவு குறைவு என்பதும் பொய்க்கணக்கு. அவள் விட்ட வேலையையும் இழந்த சம்பளத்தையும் கெடுத்துக்கொண்ட முதுகையும் எந்த ஏட்டிலும் எழுதாததால்தான் குறைவாகத் தெரிகிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளின் கடமையை வரையறுத்தது. பார்த்துக்கொள்பவருக்கு அரைநாள் ஓய்வைக்கூட அது தரவில்லை. அரசின் இந்த மௌனத்துக்கு நம் ஆதரவுக் குழுக்களும் துணைபோகின்றன என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பராமரிப்பவளுக்குப் பொறுமையைப் பயிற்றுவிக்கும் அமைப்பு இருக்கும்வரை, ஆள் கேட்டு யாரும் கோட்டைக்குப் போகமாட்டார்கள்.

கேட்பதற்கு நமக்கு முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. 1975-இல் தொடங்கிய ஐசிடிஎஸ் திட்டம் தெருவுக்குத் தெரு அங்கன்வாடியைக் கொண்டுவந்தது. குழந்தையைச் சில மணி நேரம் வாங்கிக்கொண்டு தாயை வேலைக்கு அனுப்ப அரசால் முடிந்தது. கேரளத்தின் மலப்புறத்தில் அக்கம்பக்கத்தினரே வாரம்தோறும் நேரம் ஒதுக்கிப் படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் வாசலுக்கே கொண்டுவருகிறது. வலிதணிப்பு செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். அதே வாசலுக்கு வாரம் இருமுறை நான்கு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒருவர் வரவேண்டும். ஒன்றியத்துக்கு ஒன்றாகவேனும் வண்டியோடு கூடிய பகல்நேர மையம் வேண்டும். ஆதரவு அமைப்புகள் தம் ஆண்டறிக்கையில் எத்தனை கூட்டம் நடத்தினோம் என்பதற்கு முன்னால், எத்தனை குடும்பத்துக்கு எத்தனை மணி நேரம் விடுதலை வாங்கித் தந்தோம் என்று எழுத வேண்டும். நன்கொடை தருகிறவர்களும் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

செலவாகும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். இப்போதும் அந்தச் செலவு ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. அதை ஒருத்தி மட்டும் தன் வாழ்நாளிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதில் ஒரு பங்கை ஊரும் அரசும் ஏற்றுக்கொள்ளாதவரை, அவளுக்குச் சமூகத்தின் ஆதரவு கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.