பழைய குற்றமும் பணக்கார வாரிசும்

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் குடியிருப்போருக்கு நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவும் புதுக்கடை நீதிமன்றங்களும் நடைதூரந்தான்; செல்வமும் வழக்கும் இவ்வளவு நெருங்கி வாழும் நகரத்தில், தன் குலத்துப் பழைய குற்றமொன்றைத் தானே துருவி ஆராயப் புகும் தனவந்தன் நம் நவீனங்களில் ஏன் இத்தனை அபூர்வமாகத் தென்படுகிறான் என்று கேட்பதில் நியாயமுண்டு.

ஆங்கிலத்தில் இவ்வகைக்கு ஆதிகிருதியாக நான் கொள்வது வில்கி காலின்ஸ் 1868இல் வெளியிட்ட ‘மூன்ஸ்டோன்’. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளைபோன வைரம், ஆங்கிலச் சீமாட்டி வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து அன்றிரவே மறைகிறது. கைதேர்ந்த போலீஸ் அதிகாரி தோற்றுப் போனபின், தந்தையின் ஆஸ்தியைப் பெற்றுத் திரும்பும் உறவினன் பிராங்ளின் பிளேக், ஏறத்தாழ ஓராண்டு கழித்து விசாரணையைத் தன் கையிலெடுத்து, திருடனின் இரவு அங்கியைத் தேடிக் கண்டெடுத்தால், அதில் பொறித்திருப்பது அவனுடைய பெயரே! சொந்தக் குடும்பத்தில் துப்புத் துலக்குபவனுக்கு நேரக்கூடிய அபாயத்தை இதைவிடத் துலக்கமாக எவரும் எழுதியதில்லை.

நம்மவர் இதை முன்னரே மோப்பம் பிடித்தார்கள் போலும். ஜே. ஆர். ரங்கராஜு ‘ராஜாம்பா’ளில் (1908) துப்பறியும் பொறுப்பைக் கோவிந்தனிடம் ஒப்படைத்தார், தேவனின் சாம்பு வங்கிக் குமாஸ்தா, தமிழ்வாணனின் சங்கர்லால் வசதி படைத்தவர்தாம், ஆயினும் அவர் ஆராய்வது பிறர் வீட்டு மர்மங்களை. கண்டிச் சட்டத்தரணி சித்திலெவ்வை இயற்றிய ‘அசன்பே சரித்திரம்’ (1885) மட்டும் சற்றே விலகி நிற்கிறது: மிசிறு தேசத்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்து, குழந்தையாகவே கடத்தப்பட்டுப் பம்பாயில் வளரும் அசன், இறுதியில் தன் பிறப்பை அறிகிறான். அங்கே களவுபோன பொருளே வாரிசுதான்.

காரணம் எளிது. பிரபு குடும்பங்களில் உண்மையும் ஆஸ்தியும் பிரியாதவை. ஆகவே சந்தேகம் துப்பறிவாளனை நாடாமல் சட்டத்தரணியை நாடுகிறது. வங்காளத்துப் பாவல் ஜமீனில், 1909இல் டார்ஜிலிங்கில் இறந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டாம் குமாரர் பல்லாண்டு கழித்துச் சந்நியாசிக் கோலத்தில் டாக்காவில் தோன்றியபோது, அங்க அடையாளங்களை ஒப்பிட்டு முதலில் ஆராய்ந்தவர் தமக்கை ஜோதிர்மயி தேவி. மனைவியோ கடைசிவரை ஏற்கவில்லை. தமக்கையின் ஆராய்ச்சி 1930இல் வழக்காகி, 1946இல் லண்டன் பிரிவி கவுன்சில் சந்நியாசியின் பக்கம் தீர்க்கும்வரை நீண்டது.

நம் கொழும்பிலும் அதுவே கதி. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் வமிசத்தில் வந்த பெண்மணி 1951 அக்டோபர் 9ஆந் தேதி பம்பலப்பிட்டி இல்லத்தில் கொலையுண்டார்; கணவரான கிரிக்கெட் வீரர் சதாசிவம்மீது குற்றஞ்சாட்டப்பட்டது; வீட்டு வேலைக்காரன் மன்னிப்புப் பெற்று அரசுத்தரப்புச் சாட்சியானான். கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாட, எடின்பரோவின் புகழ்பெற்ற சட்ட வைத்தியர் ஸர் ஸிட்னி ஸ்மித் சாட்சியமளிக்க, 57 நாள் விசாரணைக்குப்பின் 1953 ஜூனில் ஜூரிமார் சதாசிவத்தைக் குற்றமற்றவர் என விடுவித்தனர். அரை நூற்றாண்டு கடந்து, 2006இல் அவ்வழக்கை நூலாக்கியவர் கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட வைத்தியப் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ. அவர் அதை எழுதியதும் ஆங்கிலத்தில்.