ஆங்கில எழுத்துப் பயிற்சியில் உடன்பயில்வோர் பின்னூட்டம்: ஆய்வு வினாக்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவருள் ஒருவர் எழுதிய வரைவை மற்றொருவர் படித்துக் கருத்துரைப்பது உடன்பயில்வோர் பின்னூட்டம் எனப்படும். இதன் பயன் குறித்து 'ஜர்னல் ஆப் செகண்ட் லாங்குவேஜ் ரைட்டிங்' இதழில் வெளிவந்த மூன்று ஆய்வுகளை முன்வைத்து, ஆய்வாளர் எழுப்பிய வினாக்கள் அவர்தம் முடிவுகளை எவ்வாறு வடிவமைத்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வினாவும் விடையும்

1995இல் சாங், 81 மாணவரிடம் ஆசிரியரின் பின்னூட்டம் வேண்டுமா, ஆசிரியரல்லாதாரின் பின்னூட்டம் வேண்டுமா என வினவினார். மிகப் பெரும்பாலோர் ஆசிரியரையே தேர்ந்தனர். உடன்பயில்வோர் பின்னூட்டம் மாணவர்க்கு உவப்பானது என்ற கருத்திற்கு இது மறுப்பாக அமைந்தது. 1998இல் ஜேக்கப்ஸும் உடனாய்வாளரும் ஹாங்காங், தைவான் மாணவர் 121 பேரிடம், பின்னூட்ட வகைகளுள் ஒன்றாக இதுவும் இருப்பதை விரும்புகிறீர்களா எனக் கேட்டனர். 93 விழுக்காட்டினர் உடன்பட்டனர்.

இவை முரண்பட்ட முடிவுகள் அல்ல. 'இதுவா அதுவா' என்னும் வினாவிற்கும் 'இதுவும் வேண்டுமா' என்னும் வினாவிற்கும் உரிய விடைகள் வேறு. வகுப்பில் ஆசிரியர் விலகிவிடுவதில்லை. ஆதலின் இரண்டாம் வினாவே நடைமுறைக்கு நெருக்கமானது. எனினும் இரண்டு வினாக்களும் பின்னூட்டத்தைப் பெறுபவரின் விருப்பத்தையே அளந்தன. விருப்பம் வேறு, கற்றல் வேறு. கருத்துரைப்பவர் அடையும் பயன் இரண்டிலும் விடுபட்டது.

கொடுப்பவர் பெறும் பயன்

அவ்விடைவெளியை 2009இல் லண்ட்ஸ்ட்ரம், பேக்கர் ஆகியோரின் ஆய்வு நிரப்ப முயன்றது. 91 மாணவருள் ஒரு சாரார் பிறர் கட்டுரைகளுக்குக் கருத்துரைக்க மட்டும் பயின்றனர். மறுசாரார் பெற்ற கருத்துரையைப் பயன்படுத்த மட்டும் பயின்றனர். பருவ இறுதியில் முன்னவரின் சொந்த எழுத்தே மிகுதியாக வளர்ந்திருந்தது. தொடக்கநிலை மாணவரிடம் இவ்வளர்ச்சி கூடுதலாகக் காணப்பட்டது. 'ஆங்கிலம் அறியாதவர் பிறரைத் திருத்துவது எப்படி' என்னும் வழக்கமான ஐயத்தை இம்முடிவு திசைதிருப்புகிறது. திருத்தம் பிழையுடையதாயினும், பிறர் வரைவைக் கூர்ந்து படிக்கும் பயிற்சி படிப்பவர்க்கே சேர்கிறது. ஆனால் நண்பனின் எழுத்தை அவன் முன்னிலையிலேயே குறைகூறும்போது எழும் தயக்கத்தை இவ்வாய்வு அளக்கவில்லை. இது அதன் எல்லை.

நன்னூல் பாயிரமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஆசிரியர் கூறியதை நன்கு கேட்பதால் காற்பங்கும், உடன்பயில்வோரொடு பழகுவதால் காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் அரைப்பங்கும் புலமை நிரம்பும் என்பது பவணந்தியார் கருத்து. எடுத்துரைத்தலும் வரைவைத் திறனாய்தலும் ஒன்றல்ல. எனினும் கொடுப்பவரே மிகுதியும் பெறுகிறார் என்னும் நோக்கு இரண்டிற்கும் பொது.

முடிவுரை

உடன்பயில்வோர் பின்னூட்டத்தை ஆசிரியரின் திருத்தச் சுமையைக் குறைக்கும் மாற்றாகக் கருதினால் அது தோற்பது உறுதி. அதனை ஒரு வாசிப்புப் பயிற்சியாகக் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறாயின், மாணவர் எழுதிய கட்டுரையோடு அவர் பிறர்க்கு எழுதிய கருத்துரையையும் ஆசிரியர் மதிப்பிடுதல் இன்றியமையாதது.