செல்லும், செல்லாது

ஸ்க்ராபிள் போட்டியில் எதிராளி வைத்த சொல்லில் ஐயம் வந்தால் இருவரும் எழுந்து கணினிக்குப் போவார்கள். எழுத்துகளைத் தட்டியதும் திரையில் ஒற்றைத் தீர்ப்பு வரும்: செல்லும், அல்லது செல்லாது. சொல்லுக்கு என்ன பொருள் என்பது அங்கே வராது, கேட்பாரும் இல்லை. வட அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில், இந்தியா உட்பட, அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் காலின்ஸ் பட்டியல். 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் மொத்தம் 2,79,496 சொற்கள். அவற்றில் இரண்டெழுத்துச் சொற்கள் வெறும் 127. ஆட்டத்தின் உயிர்நாடி இந்த 127தான். பலகையில் கிடக்கும் சொல்லுக்கு ஒட்டினாற்போல் இன்னொன்றை இணையாக வைக்கும்போது, தொடுகிற இடமெல்லாம் ஒரு குறுஞ்சொல் பிறந்தாக வேண்டும்.

இவ்வளவு சுமை தாங்கும் குறுஞ்சொற்களையும் அவற்றுக்கு ஆங்கில அகராதிகள் தரும் பொருள்களையும் ஒரு நூலைச் சீர்தூக்குவது போலவே சீர்தூக்கிப் பார்க்கலாம். எவற்றைச் சேர்த்தார்கள், எந்த நெறியில் சேர்த்தார்கள், என்ன விளக்கம் தந்தார்கள்?

சேர்த்த விதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. கியூ வந்தால் பின்னாலேயே யு வரும் என்று பள்ளியில் படித்தோம். பட்டியல் அதற்குக் கட்டுப்படவில்லை. வக்ஃப், தலாக், நிகாப், ஃபக்கீர், கவ்வாலி ஆகிய ஐந்திலும் கியூ உண்டு, யு கிடையாது, ஐந்தும் செல்லும். திருவல்லிக்கேணியில் வளர்ந்தவருக்கு இவற்றின் பொருளை யாரும் சொல்லித் தர வேண்டாம்; லண்டனில் ஆடுபவர்தான் நெட்டுருப் போட வேண்டும். பத்துப் புள்ளி பெறும் ஒரே கியூ டைல் கையில் மாட்டிக்கொண்டு விழிப்பவருக்கு அரபியும் உருதும் கைகொடுக்கின்றன. மொழித் தூய்மை பேசாத ஒரு பட்டியலால்தான் இது முடியும்.

நெறிக்கு வந்தால் கதை வேறு. பருப்பு என்ற ஒரே பொருளில் டால் என்ற இந்திச் சொல்லுக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்கள் ஏற்கப்பட்டுள்ளன: எச் இல்லாமல், எச் நடுவில், எச் டி-க்கு அடுத்து, ஏ இரட்டித்து. இட்லிக்கோ ஒன்றே ஒன்று. இதில் எந்தத் தத்துவமும் இல்லை. பட்டியல் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. அகராதிகளிலிருந்து அறுவடை செய்கிறது. பருப்பைப் பற்றிப் பல தலைமுறை ஆங்கிலேயர் பலவிதமாக எழுதி வைத்தார்கள். இட்லி ஆங்கில அகராதிக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஆக, இந்தப் பட்டியலில் காணும் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் வரலாற்றின் தற்செயல்கள். அதற்காகத் தொகுப்பாளரைக் குற்றம் சொல்வது நியாயமல்ல. ஆனால் ஒழுங்கு இருப்பதாகப் பாராட்டவும் முடியாது.

இட்லியை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். கொட்டிவாக்கத்தில் ஈ.சி.ஆர். ஓரத்து டிபன் கடைப் பலகைகளில் கடைசி எழுத்து பெரும்பாலும் ஒய்தான்: ஐ, டி, எல், ஒய். நம் ஊர்க்காரர் பழக்கதோஷத்தில் அதையே பலகையில் வைத்தால் செல்லும். ஆனால் உணவாகச் செல்லவில்லை. சோம்பலாக, வெறுமனே என்று பொருள்படும் ஆங்கில வினையடையாகச் செல்கிறது. அடுத்த முறை இரண்டு இட்லி என்று நினைத்து அதன் வாலில் ஓர் எஸ் சேர்த்தால் செல்லாது. வினையடைக்குப் பன்மை கிடையாது. ஐ-யில் முடியும் இட்லிக்கோ எஸ் தாராளமாகச் சேரும். எழுத்துதான் எல்லாம், பொருள் வேண்டாம் என்ற வாதம் இடறுகிற இடம் இது. பொருள் தெரிந்தால் சொல்வகை தெரியும். சொல்வகை தெரிந்தால் எந்த விகுதி ஒட்டும் என்பது தெரியும்.

மறுதரப்பில் இருக்கும் சாட்சி சாதாரண ஆளல்ல. நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், 2007இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியின் இறுதியில் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதத்தை வென்றவர். பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015இல் பிரெஞ்சு உலகப் பட்டத்தையும், ஸ்பானிஷ் பேசத் தெரியாமலேயே 2024இல் ஸ்பானிஷ் உலகப் பட்டத்தையும் எடுத்தார். எந்தச் சொல்லுக்கு எஸ் ஒட்டும் என்பதையும் எழுத்துத் தகவலாகவே மனப்பாடம் செய்துவிட்டால் பொருள் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆடுபவரைப் பொறுத்தவரை இதை முழுமையாக ஒப்புக்கொள்ளலாம்.

பட்டியலைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்ள முடியாது. ஒரு சொல் இந்தப் பட்டியலுக்குள் வந்ததே, எங்கோ ஓர் அகராதிக்காரர் அதற்கு வழக்கையும் பொருளையும் பதிவு செய்ததால்தான். பொருள் இல்லாத எழுத்துக்கோவைக்கு இங்கே இடமில்லை. நுழைவுச் சீட்டாகப் பொருளை வாங்கிக்கொண்டு, உள்ளே வந்ததும் சீட்டைக் கிழித்துப் போடுகிறார்கள். கிழித்த சீட்டு 2021இல் திரும்பி வந்தது. இழிவுச் சொற்கள் என்று சுமார் 400 சொற்களை, வட அமெரிக்காவுக்கு வெளியே ஸ்க்ராபிளின் உரிமை பெற்ற மேட்டல் நிறுவனம் நீக்கியது. எழுத்துகள் வெறும் எழுத்துகளே என்று பல ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அந்த நீக்கம் சரியா தவறா என்பது தனி விவாதம். பொருளுக்காகவே சொற்களை நீக்கிய பின், பொருள் தன் வேலையல்ல என்று அந்தப் பட்டியல் இனிச் சொல்ல முடியாது.

அப்படியானால் விளக்கங்களின் தரத்தைக் கேட்டாக வேண்டும். இரண்டெழுத்தில் ஒன்று: ஏ, எல். தமிழ்க் காதுக்கு ஆலமரம் போல ஒலிக்கும். ஆனால் இந்தி வழியாகப் போன இந்தச் சொல் குறிப்பது நம் நுணா மரத்தை, தென்மாவட்டத்தார் மஞ்சணத்தி என்பதை. ‘இந்திய மல்பெரி’ என்று ஆங்கில அகராதிகள் விளக்குகின்றன. நுணா மல்பெரிக் குடும்பமே அல்ல, காப்பிச் செடியின் குடும்பம். காயின் மேல்தோல் முண்டும் முடிச்சுமாக இருப்பதால் வந்த பெயர் அது. வெறுமனே ‘ஓர் இந்திய மரம்’ என்று விளக்கினாலோ அதற்குள் ஆலும் அடங்கும், அரசும் அடங்கும். சுருக்கம் இங்கே குற்றமல்ல. இனம் பிரித்துக் காட்டும் அடையாளம் இல்லாததே குற்றம். வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கப்படும் மரம் என்றால் அதுவும் சுருக்கம்தான், விளக்கமும் ஆகிவிடும்.

அதே காப்பிக் குடும்பத்தில் இன்னொரு செடி, நான்கெழுத்து: சி, எச், ஏ, ஒய். தேநீரைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லின் வாலில் ஒய் சேர்த்தால் இது கிடைக்கும். இன்னும் ஓர் ஏ சேர்த்தால் அதன் மாற்று வடிவம் கிடைக்கும். நம் சாயவேர்தான் இது. கோரமண்டல் கடற்கரை மணலில் விளைந்து, ஐரோப்பா அடித்துக்கொண்டு வாங்கிய சீட்டித் துணிகளுக்குச் சிவப்பைத் தந்த வேர். யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் இந்த வேருக்குத் தனிப் பதிவு தந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். மண் அறிந்தவர் எழுதிய அகராதியின் தோரணை அதில் தெரியும். விளையாட்டுக்கான விளக்கத்திடம் அந்த விரிவை எதிர்பார்ப்பது அநியாயம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இதே நான்கெழுத்துக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பொருளும் உண்டு: ஒருவகைக் குதிரை வண்டியின் பேச்சுவழக்குப் பெயர். இரண்டும் பெயர்ச்சொல், இரண்டும் எஸ் ஏற்கும். ஆகவே எந்த ஒன்றைச் சொன்னாலும் ஆட்டத்துக்குப் போதும். மற்றதை விட்டாலும் பட்டியலுக்கு நட்டமில்லை. இத்தகைய விளக்கத்தின் உண்மையான வேலை விகுதிக்கு உரிமம் வழங்குவது மட்டுமே.

டி, ஓ, பி, ஈ என்ற சொல்லைப் பாருங்கள். மிதமிஞ்சிக் குடிப்பது, ஒரு சுறா, பௌத்த ஸ்தூபி, நம் தோப்பு: நான்கு பொருள். குடிப்பது என்ற வினை இருப்பதால்தான் இறந்தகால வடிவமும் குடிகாரனைக் குறிக்கும் வடிவமும் கிடைக்கின்றன. தோப்பு புதிதாக எதையும் ஈட்டித் தருவதில்லை. ஆட்டத்தின் கணக்கில் அது உபரி நிலம். (ஈ.சி.ஆர். ஓரத்துச் சவுக்குத் தோப்புகளையும் மனைக்காரர்கள் அப்படித்தான் பார்த்தார்கள்.)

இதைச் சொல்லி நாம் மார்தட்டிக்கொள்ள வழியில்லை. தமிழின் மிகப் பழைய குறுஞ்சொல் பட்டியல்களில் ஒன்று நன்னூலின் ஓரெழுத்து ஒருமொழி. உயிரில் ஆறு, மகரத்தில் ஆறு, தகர பகர நகரங்களில் ஐந்தைந்து, ககர வகர சகரங்களில் நான்கு நான்கு, யகரத்தில் ஒன்று, குறிலில் நொவும் துவும், ஆக 42. நூலாசிரியர் பவணந்தியார் தொகையை மட்டும் தந்தார். பொருளை உரைகாரர்கள் தந்தார்கள். சூத்திரத்துக்கு அந்தச் சிக்கனம் பொருந்தும், ஏனெனில் உரை கூடவே வரும் என்ற நம்பிக்கை அந்த மரபில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இன்று மனப்பாடம் செய்யும் அட்டவணையோ சொல்லுக்கு ஒரு பொருள் என்று நறுக்கிவிட்டது. யா என்றால் அகலம் என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். சங்கப் பாட்டில் யானை பட்டையை உரிக்கிற யா மரம் அட்டவணையில் இல்லை. காலின்ஸ் பக்கம் நீட்டிய விரலை இந்தப் பக்கமும் நீட்டியாக வேண்டும்.

முறையில் இரண்டையும் மிஞ்சியது வீரமாமுனிவரின் சதுரகராதி, 1732. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுப்பு. எதுகை தேடும் புலவருக்கு எழுத்தொத்த சொற்களைத் திரட்டித் தந்தது தொடையகராதி. பொருள் தேடுபவர் பெயரகராதிக்குப் போகலாம். வடிவத்துக்கு ஒரு வாசல், பொருளுக்கு ஒரு வாசல், இரண்டும் ஒரே நூலுக்குள். வடிவத்தை ஆள வந்த பகுதி பொருளை விரட்டவில்லை. இன்றைய சொல்விளையாட்டுத் தொகுப்புகள் எட்ட வேண்டிய அளவுகோல் இதுவே என்பேன்.

அந்த அளவுகோலில் காலின்ஸ் பட்டியலைச் சட்டநூலாக முதல் வரிசையில் வைக்கலாம். தெளிவு, பாரபட்சமின்மை, எவரும் சரிபார்க்கக்கூடிய முடிவு மூன்றும் அதற்கு உண்டு. விளக்கங்களைப் பொறுத்தவரை தேர்ச்சி மதிப்பெண் போட முடியவில்லை. நம் பக்கத்துச் சொற்களில் அவை இன்னும் மெலிந்து போகின்றன. சில ஆங்கில அகராதிகள் தோசா என்பதை ஒருமையாகவும், கடைசியில் ஐ சேர்ந்த தோசை என்பதை அதன் பன்மையாகவும் தருகின்றன. கல்லில் ஒன்றே ஒன்று கிடந்தாலும் அது தோசைதான். அந்தப் பதிவைத் திருத்தத் தமிழ் தெரிந்த ஒருவர் போதும். திருத்தினால் அதன் வாலிலும் ஓர் எஸ் ஒட்டும்.