பாண்டாக் மென்பொருளின் லுவா வடிகட்டிகள்: ஒரு மதிப்பீடு

பாண்டாக் என்பது மார்க்டவுன், எச்டிஎம்எல், வேர்ட், லாடெக் முதலிய ஆவண வடிவங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றித்தரும் கட்டற்ற மென்பொருள் ஆகும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மெய்யியல் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் இதனை ஹாஸ்கெல் மொழியில் உருவாக்கினார். உள்வரும் ஆவணத்தை இது முதலில் பத்தி, தலைப்பு, சொல் எனக் கிளைக்கும் ஒரு மரமாக ஆக்குகிறது. அந்த மரத்தில் மாற்றம் செய்யும் சிறு நிரலே வடிகட்டி. தொடக்கத்தில் மரத்தை ஜேசன் வடிவில் வெளி நிரலொன்றுக்கு அனுப்பித் திரும்பப் பெற வேண்டியிருந்தது. 2017இல் வெளிவந்த 2.0 பதிப்பு லுவா மொழியை உள்ளேயே பொதிந்து தந்ததால் பைத்தான் போன்ற எதையும் தனியே நிறுவும் தேவை நீங்கியது.

இந்த இடைமுகத்தின் பெருங்குறை, தவறு நேர்ந்தாலும் பேசாமல் இருப்பது. பழைய பதிப்புகளில் மரத்தின் உறுப்புகள் சாதாரண லுவா அட்டவணைகளாக இருந்தன. பண்பின் பெயரில் ஓர் எழுத்து பிழைத்தால் புதிய பண்பொன்று சேருமே தவிர எச்சரிக்கை வராது. 2022 ஜனவரியில் வந்த 2.17 பதிப்பு இதனைச் சீர்செய்தது. தலைப்பின் படிநிலைக்கு எண்ணுக்குப் பதில் 'இரண்டு' என்ற சொல்லைக் கொடுத்தால் அந்த வரியிலேயே பிழைச்செய்தி எழும். அதற்கு ஒரு விலையும் இருந்தது: மீதரவு மதிப்பின் வகையை அதன் குறிச்சொல்லைக் கொண்டு சோதித்த பழைய வடிகட்டிகள் பயனற்றுப் போயின. வகையைச் சொல்லும் தனிச் செயற்கூறு அதே பதிப்பில் தரப்பட்டது. கொடுத்திருக்கத்தக்க விலைதான்.

ஆனால் அமைதி முழுவதும் கலையவில்லை. 'ஹெடர்' என்ற செயற்கூற்றின் பெயரைச் சிற்றெழுத்தில் தொடங்கினால் பாண்டாக் அதனைக் கண்டுகொள்வதே இல்லை. ஆவணம் மாறாமல் வெளிவரும். வரிசை இன்னும் குழப்பமானது. ஒரே வடிகட்டியில் சொற்களுக்கான செயற்கூறுகள் முதலிலும், பத்தி போன்ற தொகுதிகளுக்கானவை பின்னரும், மீதரவுக்கானது அதற்கும் பின்னரும் இயங்குகின்றன. ஆய்வேட்டின் மீதரவிலிருந்து ஆண்டை எடுத்து உரையில் நிரப்ப விரும்பும் மாணவர், உரை கடந்துபோன பிறகே ஆண்டைப் பெறுகிறார். இரண்டு வடிகட்டிகளாகப் பிரித்து வரிசையாகத் திருப்பியளிப்பதே வழி. கையேடு இதனை எடுத்துக்காட்டுடன் விளக்குகிறது. என்றாலும் கையேட்டில் இருப்பது ஓர் எச்சரிக்கை வரிக்கு ஈடாகாது. அறியாத பெயரையும், மீதரவும் உரையும் ஒரே வடிகட்டியில் கலப்பதையும் சுட்டிக்காட்டுவது கடினமான மாற்றமாகத் தோன்றவில்லை.

தமிழில் எழுதுவோர் இன்னொன்றையும் சந்திப்பர். லுவாவின் சொந்தச் சர நூலகம் பைட்டுகளை எண்ணுவதால் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் 15 ஆகிறது. பாண்டாக் தரும் உரைத் தொகுதி யூனிகோட் குறியெண்களை எண்ணி 5 என்கிறது. படிப்பவர் காண்பதோ 3 எழுத்துகள். பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் வடிகட்டி 'கோவை' என்ற சொல்லில் 'க'வை மட்டும் வெட்டியெடுத்து, ஓகாரக் குறியை அநாதையாக விட்டுவிடும். இங்கும் பிழைச்செய்தி கிடையாது. எழுத்துக் கூட்டுகளைப் பிரித்தறியும் செயற்கூறு ஒன்று அத்தொகுதியில் சேரும்வரை, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் முன்னெழுத்துடன் சேர்க்கும் விதியை வடிகட்டி எழுதுபவரே எழுத வேண்டும்.