இருந்தால் நூறு, இறந்தால் ஐந்து

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் கணக்கு. ஜார்ஜ் ஆர்வெல்லின் கணக்கு வேறு. 1936இல் வெளியான ‘ஷூட்டிங் ஆன் எலிஃபண்ட்’ கட்டுரையில் வரும் மௌல்மீன் யானை உயிரோடிருந்தால் குறைந்தது நூறு பவுன். செத்தால் தந்தத்துக்கு ஐந்து பவுன் தேறலாம்.

வகுப்பறைகளில் இக்கட்டுரைக்கு ஒரே அர்த்தம்தான்: ஏகாதிபத்தியம் ஆள்கிறவனையே பொம்மையாக்கிவிடுகிறது. கூட்டத்தின் நகைப்புக்கு அஞ்சி வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி சுடுகிறான். ஆர்வெல்லே இதைச் சொல்லிவிடுவதால் விமர்சகனுக்கு வேலை மிச்சம். யானை? அது உருவகம்.

எனக்கு இதில் சம்மதமில்லை. கட்டுரையில் இரண்டு யானைகள் இருக்கின்றன. ஒன்று, ஆர்வெல்லின் தர்க்கத்துக்குக் கூலி வேலை செய்கிற யானை. மற்றது, சுட்ட பிறகு அரைமணி நேரம் சாகாமல் கிடக்கிற யானை. முதல் குண்டு பட்டதும் அது விழுவதில்லை. ஒரு கணத்தில் கிழடு தட்டிப்போகிறது. மூன்றாவது குண்டில் சாய்கிறது. மூச்சு நிற்கவில்லை. இதயத்தில், தொண்டையில் என்று சுட்டுக்கொண்டே இருக்கிறார். கடைசியில் பார்க்கச் சகியாமல் போய்விடுகிறார். இந்த இடத்தில் ஏகாதிபத்தியம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கருத்தை நிரூபிக்க ஓட்டிவந்த மிருகம் எழுதுகிறவனின் கைமீறிப் போய்விட்டது. கட்டுரை இலக்கியமாவது இங்கேதான்.

கடைசிப் பத்தியில் மறுபடியும் வாதம் திரும்பிவிடுகிறது. அதற்குள் அமுங்கிப்போகிற விஷயங்கள் உண்டு. இது காட்டு யானையல்ல, வளர்ப்பு யானை. மதம் வரப்போகிறது என்று சங்கிலியில் கட்டியிருந்தார்கள், அறுத்துக்கொண்டது. அடக்கத் தெரிந்த ஒரே ஆள் பாகன். தவறான திசையில் தேடிப்போய்ப் பன்னிரண்டு மணிநேரத் தொலைவில் இருக்கிறான். மதத்தை ஆர்வெல் ஏதோ நோய் கண்டதுபோலக் குறிப்பிடுகிறார். வளர்ந்த ஆண் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் கசிய, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இருந்து தணிகிற பருவம் அது. காட்டில் அதற்கு நடக்க இடம் இருக்கிறது. சட்டமோ சங்கிலியறுத்த யானையை வெறிநாய்க்குச் சமமாக வைத்தது. வயலில் புல்லை முழங்காலில் தட்டித் தின்றுகொண்டிருந்தபோதே மதம் தணிந்துவந்தது என்பது ஆர்வெல்லுக்குத் தெரிகிறது. எழுதவும் செய்கிறார்.

மிதிபட்டுச் செத்தவன் ஒரு திராவிடக் கூலி. இளம் ஐரோப்பியர்களின் வாயில் அவன் கோரங்கிக் கூலி. கோதாவரிக் கரைக் கோரங்கித் துறைமுகத்தின் பெயரால் பர்மாவில் தெலுங்கர்களை அப்படி அழைத்தார்கள். அவனைவிட யானைக்கு விலை அதிகம் என்கிறார்கள் அவர்கள். அவன் செத்ததால் சட்டம் தன் பக்கம் ஆயிற்று என்று ஆர்வெல் மகிழ்கிறார், அதை ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். யானைக்குச் சொந்தக்காரனும் இந்தியன்தான், கோபப்பட்டான், அவ்வளவே. நேர்மையான எழுத்து, சந்தேகமில்லை. ஆனால் ஒரு கூலியும் ஒரு யானையும் சாவது அந்த நேர்மைக்கு வெளிச்சம் போடத்தான் என்று ஆகிவிடுகிறது.

இதே பர்மாவில் 1920 முதல் தேக்குக் கம்பெனியில் இருந்தவர் ஜே. எச். வில்லியம்ஸ். 1950இல் வந்த அவருடைய ‘எலிஃபண்ட் பில்’லை யாரும் இலக்கியம் என்று சொல்லமாட்டார்கள். கம்பெனியின் நியாயத்தைப் பற்றி அவருக்குக் கேள்வியே எழவில்லை. ஆனாலும் அவருடைய யானை வேலை முடிந்ததும் இரவில் காட்டுக்குள் விடப்படுகிறது. விடியலில் பாகன் அதன் கழுத்து மணியோசையைக் கேட்டுத் தேடிப்போகிறான். மனிதன் இல்லாத ஒரு ராத்திரி அதற்கு இருக்கிறது. ஆர்வெல்லின் யானைக்கு அது இல்லை.

இன்னும் வறண்ட ஒரு பிரதியும் உண்டு: பர்மாவின் மரத்தொழில் யானைகளின் பதிவேடு. பிறப்பு, தாய், பிடிபட்ட விதம், சாவு. 2018இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, காட்டில் பிடித்துப் பழக்கியவை முகாமில் பிறந்தவற்றைவிடச் சில ஆண்டுகள் குறைவாக வாழ்ந்தது தெரிந்தது. பிடித்த முதல் சில ஆண்டுகளில்தான் சாவு அதிகம். அந்தக் கட்டங்களில் எழுதியவர்களுக்கு மனச்சாட்சியைக் காட்டிக்கொள்ள இடமிருக்கவில்லை. அதனாலேயே அங்கே யானைக்கு ஓர் ஆயுள் கிடைத்திருக்கிறது.

மௌல்மீன் பாகன் விஷயம் தெரிந்து திரும்பி வந்திருக்கவேண்டும். பிற்பகலுக்குள் எலும்பு தெரிய இறைச்சியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுவரை ஆர்வெல் எழுதியிருக்கிறார். பாகன் வந்து பார்த்ததை எழுத அவருக்குத் தோன்றவில்லை.