அட்டைக் கித்தாரும் ஈட்டி மரமும்: பழங்கருவிக் கண்காட்சிகள் குறித்து ஒரு நோக்கு

கித்தார் விழா என்பது ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் ஊர்த்திருவிழாவின் இயல்பைப் பெற்றுள்ளது. ஸ்பெயின் நாட்டின் கொர்தோபா நகரில் பிளமெங்கோ கலைஞர் பாகோ பெஞ்ஞா 1981ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த விழா இவ்வகையில் புகழ்பெற்றது. இத்தகைய விழாக்களில் இசையரங்குகளோடு பழங்கருவிக் கண்காட்சிகளும் இடம்பெறுவதுண்டு. அங்குக் கருவியின் அருகே வைக்கப்பெறும் விளக்கக் குறிப்பே ஈண்டு நோக்கத்தக்கது. செய்தவர் பெயர், ஆண்டு, மரம் ஆகிய மூன்றும் தவறாமல் இடம்பெறும். ஒலியைப் பற்றிய சொல் அரிதாகவே காணப்பெறும். அதிலும் ‘பிரேசில் ஈட்டி’ என்னும் தொடர், புலவர் பெயருக்கு முன் நிற்கும் பட்டம்போல் மிடுக்குடன் நிற்கும்.

இம்மதிப்பீட்டை மறுக்கும் கருவியொன்று பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. இன்றைய செவ்வியல் கித்தாரின் வடிவத்தை நிலைநிறுத்திய அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) அதனை 1862இல் செய்தார். அதன் மேற்பலகை மரத்தாலானது. முதுகும் பக்கங்களுமோ வெறும் காகித அட்டை. நரம்பின் அதிர்வு பாலத்தின் வழியே மேற்பலகையை அடைந்து காற்றை அசைக்கிறது. ஆதலின் ஒலியின் தரம் பெரிதும் மேற்பலகையையே சார்ந்தது என்பது தோரெஸின் கொள்கை. அப்பலகையை மெலிதாக இழைத்து, உட்புறத்தில் விசிறிபோல் சட்டங்களைப் பொருத்தும் முறையை அவர் செம்மைப்படுத்தியதும் இக்கொள்கை பற்றியே எனலாம். அட்டைக் கித்தார் உண்மையில் ஒரு வாதம். வாதமோ செவிக்குரியது. கண்ணாடிப் பேழைக்குள் அது கண்ணுக்குரிய விந்தைப் பொருளாகச் சுருங்கிவிடுகிறது.

2018இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வொன்றும் இவ்விடத்தில் கருதத்தக்கது. முதுகு, பக்க மரங்கள் மட்டும் வேறுபட்ட ஆறு கித்தார்களை 52 கலைஞர்கள், மரம் கண்ணுக்குப் புலப்படாத நிலையில் வாசித்து மதிப்பிட்டனர். விலையுயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் ஒலித்தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆய்வுக்குட்பட்டவை உலோகத் தந்திகள் பூட்டிய புதிய கருவிகள். பழங்கருவிகள் அனைத்துக்கும் இம்முடிவை அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. மரத்தின் அழகையும் உறுதியையும் மறுப்பாரும் இலர். எனினும் தோரெஸின் வாதத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

இது சுவைஞர் சிலரின் பூசல் மட்டுமன்று. பிரேசில் ஈட்டி 1992இல் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதற்பட்டியலில் சேர்க்கப்பட்டு, அதன் பன்னாட்டு வணிகம் பெரும்பாலும் தடைப்பட்டது. அதற்கு முன்பே, 1969இல், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியிருந்தது. தமிழில் தோதகத்தி என்றும் வழங்கும் இம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளர்வது. 2017இல் ஈட்டிப் பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019இல், பிரேசில் ஈட்டி நீங்கலாக, செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பயணம் செய்யும் கலைஞர்க்கு அவ்விலக்கு தேவையானதே. ஆயினும் கண்காட்சிகள் வளர்க்கும் மரமோகத்தின் சுமை காட்டின் மீதே விழுகிறது.

அருங்காட்சியகத்துக்கு வாய்க்காத ஒரு வசதி விழாவுக்கு உண்டு: வாசிப்போர் அருகிலேயே இருக்கின்றனர். வாசிக்கத்தக்க நிலையிலுள்ள இரு கருவிகளைத் திரைக்குப் பின்னால் வாசிக்கச்செய்து, அவையோரின் கருத்தைக் கேட்டறிந்த பின்னர் மரத்தின் பெயரை அறிவிக்கலாம்.